பட்டாணியின் இன்னொரு அம்மா

தீவு வானிலை நிலையம்
ஜனவரி 12

அன்புள்ள மெக்கானிக்குக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். நீங்களும் பட்டாணியும் எப்படி இருக்கிறீர்கள்? படகில் வழியெல்லாம் வாந்தி. படகோட்டி ஒரு வாளியை என் மடியில் வைத்துவிட்டு, "காத்தையும் மழையையும் கணக்கெடுக்க வந்த அம்மாவா இது?" என்று கேட்டார். வந்த முதல் நாளே மானம் போயிற்று.

இங்கே இரண்டு அறைகள், ஒரு அடுப்படி, சுற்றிலும் கடல். என்னோடு சீனியர் ஒருவர் இருக்கிறார். நல்ல பெண்மணி, ஆனால் பேச்சைச் சொட்டுச் சொட்டாகத்தான் விடுவார். வெளியே வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானிகளைப் பார்ப்பது, மழையை அளப்பது, காற்று எந்தப் பக்கம் என்று குறிப்பது, எல்லாவற்றையும் ரேடியோவில் தலைமையகத்துக்குச் சொல்வது, இதுதான் எங்கள் வேலை. இரவு பகல் இரண்டும் உண்டு. ரேடியோவில் சொந்தப் பேச்சு கூடாது. போனில் ஒரு கோடு சிக்னல்கூட வரவில்லை. அதனால் சாமான் கொண்டுவரும் படகுதான் இனி நமக்குத் தபால்காரர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருமாம், கடல் மனசு வைத்தால்.

ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால் தலைமையகத்தில் நிரந்தர வேலை. அப்புறம் என்னை யாரும் எங்கும் அனுப்ப முடியாது. இதைத்தான் நான் எனக்கே தினமும் சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் நம் பட்டாணிக்கு இன்னும் இரண்டு வயதுகூட ஆகவில்லை. திரும்பி வரும்போது யாரோ வந்திருக்கிறார்கள் என்று உங்கள் பின்னால் ஒளிந்துகொண்டால் நான் என்ன செய்வேன்? என்னைக் கேட்கிறாளா? உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை மும்முரத்தில் சாப்பாட்டை மறக்காதீர்கள்.

உங்கள்
புயல்


கடை
ஜனவரி 27

அன்புள்ள புயலுக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். உன் வயிறு தேறியதா? நீ போன அன்று காலையில் பட்டாணி எழுந்து உன் தலையணையைத் தட்டிப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினாள். அப்புறம் என்னைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தாள். அன்றைக்கே ஒரு காரியம் செய்தேன்.

கடைக்கு வரும் போன்களில் பாதி சின்னப் பிள்ளைகள் கைபட்டு வந்தவை என்று உனக்குத் தெரியும். சார்ஜர் ஓட்டைக்குள் பிஸ்கட் தூள், ஸ்பீக்கருக்குள் காய்ந்த பால். போன வாரம் ஒன்றரை வயதுப் பயல் ஒருவன் தன் அப்பா போனில் மொழியையே மாற்றிவைத்துவிட்டான். அது எந்த நாட்டு எழுத்தென்று எனக்கே புரியவில்லை. குத்துமதிப்பாக அழுத்தி அழுத்தித்தான் மீட்டேன். அவன் அப்பா முன்னால் தலையை ஆட்டினாலும் மனசுக்குள் அந்தப் பொடியனுக்குச் சபாஷ் போட்டேன்.

நம் வீட்டில் பொம்மைப் படம், விளம்பரம் எதுவும் கூடாது என்று உனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேனே! அதனால் உதிரிப் பெட்டியில் கிடந்த ஒரு பழைய போனை எடுத்துத் திரை மாற்றி, உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்து எறிந்தேன். சிம் கிடையாது. நெட் கிடையாது. விளையாட்டு கிடையாது. கடிகாரத்தைக்கூட மறைத்துவிட்டேன். எங்கே தொட்டாலும் நீ மட்டும்தான் வருவாய். கிளம்புவதற்கு முன் நீ எடுத்துக்கொடுத்த வீடியோக்கள்தான். தலை வாருகிறாய், முகம் கழுவுகிறாய், கையால் முகத்தை மூடிக்கொண்டு "பட்டாணி எங்க?" என்று தேடி, கையை எடுத்து "இதோ!" என்கிறாய். சைக்கிள் ட்யூபை வெட்டி அதற்கு ஒரு சட்டையும் போட்டிருக்கிறேன். கீழே போட்டால் துள்ளுகிறது, உடைவதில்லை. என் தொழிலில் இதுவரை நான் செய்த வேலைகளில் இதுதான் பெரிய வேலை என்று நினைக்கிறேன்.

உன் அக்கா டூட்டி முடித்து, கண்டக்டர் பையைத் தோளில் மாட்டியபடியே கடைக்கு வந்தார். "ஏன் மாப்பிள்ளை, இத்தனூண்டு பிள்ளை கையில போனைக் குடுக்கலாமா?" என்று சண்டைக்கு நின்றார். "அது போனே இல்லைங்க. உங்க தங்கச்சி," என்றேன். அவர் வாயை அடைத்த பெருமையை நான் அனுபவிப்பதற்குள் அடுத்த கஸ்டமர் வந்துவிட்டார்.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். கவுண்டருக்குக் கீழே தன் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்க அம்மா, அம்மா, அம்மா. மறந்துவிடுவாளாம்! மறப்பது என்றால் என்னைத்தான் மறந்துவிட்டாள்.

கடல் காற்று உனக்கு ஆகாது. காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உன்
மெக்கானிக்


தீவு வானிலை நிலையம்
பிப்ரவரி 10

அன்புள்ள மெக்கானிக்குக்கு,

நலம், நலம், பரம நலம். உங்கள் இருவரின் நலனும் இப்படியே இருக்க வேண்டும். கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படியில் நின்று குதித்தேன். சீனியர் எட்டிப் பார்த்து, "பாம்பா?" என்றார். இல்லை மேடம், என் மகள் என்னைக் கேட்கிறாள் என்று முழுவதையும் படித்துக் காட்டினேன். சைக்கிள் ட்யூப் சட்டை வந்த இடத்தில் அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

உங்களைப் போல ஒரு ஆள் யாருக்குக் கிடைக்கும்? மற்ற வீடுகளில் தொல்லை தாங்காமல் போனைக் கொடுத்துப் பிள்ளையின் வாயை அடைப்பார்கள். நீங்கள் பிள்ளைக்கு அம்மாவைக் கொடுக்க அதே போனைத் திறந்து வேறு ஒன்றாக ஆக்கியிருக்கிறீர்கள். நேற்று பெரிய பலூனில் கருவியைக் கட்டி மேலே அனுப்பினோம். அது மேகத்துக்குள் போகிறவரை உங்களையே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கர்வமாக இருந்தது, சொல்வதற்கு என்ன?

இன்னும் கொஞ்சம் விவரமாக எழுதுங்கள். எப்படிச் சொல்கிறாள், இழுத்துச் சொல்கிறாளா, வெட்டிச் சொல்கிறாளா? சொல்லும்போது எந்தப் பக்கம் பார்க்கிறாள்? வாசல் பக்கமா? நான் பையோடு போன அந்தத் தெருவின் பக்கமா?

இருமல் வந்தால் தள்ளிப்போடாமல் மருந்து வாங்கிச் சாப்பிடுங்கள்.

உங்கள்
புயல்


கடை
பிப்ரவரி 25

அன்புள்ள புயலுக்கு,

நாங்கள் சுகமே. சீனியர் அம்மாவை விசாரித்ததாகச் சொல். எனக்கு இருமல் இல்லை, லேசாகக் கழுத்துவலி. நாள் முழுக்கப் பூதக்கண்ணாடி விளக்குக்குக் கீழே குனிந்திருந்தால் வராமல் என்ன செய்யும்?

மகளின் புது வார்த்தைகள்: பூட்டு, தண்ணி, வேணாம், டப்பா, காக்கா. ஸ்க்ரூ டிரைவருக்கு அவள் வைத்திருக்கும் பெயர் "டுர்". திருகாணிகள் சிதறாமலிருக்க நான் வைத்திருக்கும் காந்தப் பலகை மேல் தன் ஹேர்பின்னை ஒட்டவைத்து, எடுத்து, மறுபடி ஒட்டவைத்து ஒரு மத்தியானத்தை ஓட்டிவிட்டாள். கஸ்டமர்கள் போனை வாங்கிய பிறகும் போகாமல் நின்று அவளை வேடிக்கை பார்க்கிறார்கள். யாருடைய பொறுமை இவளுக்கு வந்தது என்று தெரியவில்லை. நிச்சயமாக உன்னுடையது இல்லை.

அம்மா மேல் உயிர். நேற்று அம்மாவுக்குப் பிஸ்கட் ஊட்டினாள். வாய் எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சரியாக அங்கேயே வைத்தாள். பிறகு அம்மாவின் முகத்தைத் தன் கவுனால் துடைத்துவிட்டாள். எவ்வளவு அக்கறை! எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

எந்தப் பக்கம் பார்த்துச் சொல்கிறாள் என்று கேட்டிருந்தாய். கடையில் கூட்டம், அதை விவரமாக அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள்.

உன்
மெக்கானிக்


தீவு வானிலை நிலையம்
மார்ச் 10

அன்புள்ள மெக்கானிக்குக்கு,

இங்கே நலம். உங்கள் கழுத்துவலி எப்படி இருக்கிறது? வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

ஒரே ஒரு கேள்விதான். அம்மாவுக்குப் பிஸ்கட் ஊட்டினாள் என்று எழுதியிருந்தீர்கள். நான் இங்கேயல்லவா இருக்கிறேன்? யாருக்கு ஊட்டினாள்?

உங்கள்
புயல்


வீடு
மார்ச் 24

அன்புத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். எல்லோரும் நல்லபடி. உனக்கு உடம்பு எப்படி? இந்தத் தடவை உன் வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் வராது. இரண்டு நாளாக எழுத உட்காருகிறார், பேனாவை மூடுகிறார், எழுந்து போய்ப் பழுதே இல்லாத போனைப் பிரிக்கிறார். உன் கடிதத்தை என்னிடம் நீட்டி, "நீங்களே எழுதுங்க. எனக்குக் கை வரல," என்றார். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. பஸ்ஸில் நின்று கத்திக் கத்திப் பழகிய வாய்.

பட்டாணி நாள் முழுக்க அம்மா அம்மா என்பது நிஜம். ஆனால் அவள் அந்தப் போனைத்தான் அம்மா என்கிறாள். போனில் தெரியும் ஆளை இல்லை, போனையே. அது வேண்டும் என்றால் "அம்மா குடு" என்கிறாள். கீழே விழுந்தால் "அம்மா விழுந்துச்சு" என்கிறாள். பிஸ்கட் ஊட்டியதும் அதற்குத்தான். நான் அலமாரியிலிருந்து உன் படத்தை எடுத்தேன், வேலையில் சேர்ந்த புதிதில் எடுத்தாயே, அது. "இது யாருடி?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "ஆன்ட்டி," என்றாள்.

இதை எழுத எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் மறைத்து வைத்து நீ படகிலிருந்து இறங்கும் நாளில் தெரிவதைவிட இப்போதே தெரிவது மேல்.

அந்த மனுஷனைத் திட்டலாம் என்றுதான் வந்தேன். முடியவில்லை. அவர் முடி வெட்டி மாதமாகிறது. காலையில் மகளைக் குளிப்பாட்டிச் சோறூட்டிக் கடைக்குத் தூக்கிப் போகிறார், ஒரு கையில் அவள், ஒரு கையில் டிபன் கூடை. சாயங்காலம் வந்து துணி துவைக்கிறார். ஒரு நாளும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. கெட்டிக்காரர்தான், அதனால்தான் இப்படி மாட்டிக்கொண்டார். ஒன்றுமே தெரியாத ஆளாக இருந்திருந்தால் போனில் நாலு பொம்மைப் படத்தைப் போட்டுக் கொடுத்திருப்பார், பிள்ளையும் அதைப் போன் என்றே சொல்லியிருக்கும். இவர் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு உன்னை மட்டும் வைத்தார். அதுவே நீயாகிவிட்டது.

ஒரு வார்த்தை எழுது. அந்தச் சனியனை எங்கள் பஸ் சக்கரத்துக்கு அடியில் போட்டுவிடுகிறேன்.

மனசை விட்டுவிடாதே. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


கடை
ஏப்ரல் 8

அன்புள்ள புயலுக்கு,

நீ நலமா? படகு வந்தது, உன் கடிதம் வரவில்லை. படகோட்டியிடம் இரண்டு தடவை கேட்டேன். "அம்மா நல்லாத்தான் இருக்காங்க, பை கட்டிட்டு வந்து படகுத்துறையில நின்னாங்க, அப்புறம் திரும்பிப் போயிட்டாங்க," என்றார். அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

உன் அக்கா எழுதியது எல்லாம் சரி. எனக்குப் பிப்ரவரியிலேயே தெரியும். எந்தப் பக்கம் பார்த்துச் சொல்கிறாள் என்று நீ கேட்டபோது நான் உடனே எழுதியிருக்க வேண்டும். குனிந்து தன் மடியைப் பார்த்துத்தான் சொல்கிறாள். நீ குதித்தேன் என்று எழுதியிருந்தாய். அந்தக் குதிப்பைப் பறிக்க எனக்கு மனசு வரவில்லை.

ஒரு நாள் போனை எடுத்து மேல் அலமாரியில் ஒளித்துவைத்துப் பார்த்தேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. ஒவ்வொரு இடமாகப் போய்த் தேடினாள். ஸ்டூலுக்குக் கீழே, டிபன் கூடைக்குள், கஸ்டமர் ஒருவரின் பைக்குள். பிறகு என் முன்னால் வந்து நின்று, நீ போன அன்று விரித்த மாதிரியே இரண்டு கையையும் விரித்தாள். உடனே எடுத்துக் கொடுத்துவிட்டேன். இன்னொரு தடவை அதைப் பார்க்க என்னால் ஆகாது.

எந்தப் போனைக் கொடுத்தாலும் எங்கே திறக்க வேண்டும் என்று என் விரலுக்குத் தெரியும். இதை எங்கே திறப்பது என்று தெரியவில்லை. நீ சொல்கிறபடி செய்கிறேன். எடுத்துவிடு என்றால் எடுத்துவிடுகிறேன். கோபமாக இருந்தால் கோபமாகவே எழுது, ஆனால் எழுது.

சாப்பிடுகிறாயா? காய்ச்சல் ஒன்றும் இல்லையே?

உன்
மெக்கானிக்


தீவு வானிலை நிலையம்
ஏப்ரல் 22

அன்புள்ள மெக்கானிக்குக்கு,

காய்ச்சல் இல்லை. சாப்பிடுகிறேன். நீங்களும் சாப்பிடுங்கள், தலைமுடியையும் வெட்டிக்கொள்ளுங்கள்.

பை கட்டியது உண்மைதான். அக்கா கடிதத்தைப் படித்ததும் வேலையாவது மண்ணாவது என்று துணியை அள்ளித் திணித்தேன். சீனியர் தடுக்கவில்லை. பையை வாங்கிக்கொண்டு என்னோடு படகுத்துறை வரை நடந்தார். அங்கே நின்று, "கடல் நிறம் மாறிடுச்சு. ரெண்டு நாள்ல பெருங்காத்து வரும்," என்றார். ஒரு ஆள் வெளியே போய் அளக்க, இன்னொரு ஆள் உள்ளே ரேடியோவில் இருக்க வேண்டிய நேரம் அது. நாங்கள் சொல்வதை வைத்துத்தான் கரையில் மீன்பிடிப் படகுகளை விடுவதா நிறுத்துவதா என்று முடிவு செய்கிறார்கள். "ஆனா நீ போ. நான் சமாளிப்பேன்," என்றார். அவர் சமாளிப்பார் என்று எனக்கும் தெரியும். அந்த வயதில், அந்த முட்டிவலியோடு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெள்ளைப் பெட்டி வரை போவார். என்னால் படகில் ஏற முடியவில்லை. காற்று வந்தது. எல்லாப் படகும் கரையிலேயே இருந்தன. அதனால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

உங்கள் மேல் கோபம் இருந்தது. மறைத்ததற்குக் கோபம். ஒரு படகு போய் வரும் வரை வைத்திருந்தேன், பிறகு அது தானாகவே தீர்ந்துவிட்டது. அது இருந்த இடத்தில் இப்போது பொறாமைதான் இருக்கிறது. யார் மேல் என்றால் அவள் மேல்தான், அந்தப் போன்காரி மேல். எப்போதும் சிரித்த முகம். தலை வாரியே இருக்கும். ஒரு நாளும் "இரு, வேலையா இருக்கேன்" என்று சொன்னதில்லை. எத்தனை தடவை கேட்டாலும் அலுக்காமல் "இதோ!" என்கிறாள். என்னைவிட நல்ல அம்மாவாக அல்லவா இருக்கிறாள்!

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். அவளை எடுக்காதீர்கள். அக்காவிடமும் சொல்லுங்கள், பஸ் சக்கரம் எல்லாம் வேண்டாம். பட்டாணி ஏற்கனவே ஒரு தடவை தலையணையைத் தட்டிப் பார்த்து அம்மா இல்லை என்று தெரிந்துகொண்டாள். இன்னொரு தடவை அதே குழந்தைக்கு அதைச் செய்யக் கூடாது. நான் வரும்வரை அவளே இருக்கட்டும். பட்டாணி அவளுக்குப் பிஸ்கட் ஊட்டட்டும். நான் வந்து என் இடத்தை நானே கேட்டு வாங்கிக்கொள்கிறேன். கொடுக்கவில்லை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருக்கிறேன்.

இப்படி எழுதிவிட்டேனே தவிர, பயமாகத்தான் இருக்கிறது. இரவு டூட்டியில் அந்த "ஆன்ட்டி" காதில் விழுந்துகொண்டே இருக்கிறது.

கழுத்துக்கு ஒத்தடம் கொடுத்தீர்களா? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.

உங்கள்
புயல்


கடை
மே 13

அன்புள்ள புயலுக்கு,

கழுத்து தேவலை. முடி வெட்டியாயிற்று. மகள் என்னை அடையாளம் கண்டுபிடிக்க ஒரு காலை முழுக்க ஆயிற்று, இந்த வீட்டில் அந்தப் பயம் உனக்கு மட்டும் இல்லை. நீ நலம்தானே?

உன் கடிதத்தைக் கடையின் கதவைச் சாத்திவிட்டுப் படித்தேன். அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவர் போனை வாங்கி அதன் திரையைத் தன் சீருடையில் துடைத்துப் பட்டாணியிடம் கொடுத்தார். "என் தங்கச்சி பெரிய மனுஷி ஆயிட்டா," என்றார். எனக்கும் அதைத்தான் எழுத வேண்டும், இவ்வளவு அழகாக வரவில்லை.

மகளிடம் ஒரு புதுப் பழக்கம். போனை நெஞ்சுக்கு நேராக வெளிப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். என்னடா இது என்று கவனித்தேன். காக்காயின் முன்னால் போய் நின்று திரையைக் காக்காய்க்கு நேராகக் காட்டி, "பாரும்மா," என்கிறாள். நாய்க்குட்டியிடம் போய் அதே மாதிரி. பால்காரரின் சைக்கிளிடம், மழைத் தண்ணீரிடம், நான் ஈயத்தை உருக்கிச் சால்டரிங் வைக்கும்போது வரும் புகையிடம். தான் பார்த்த எல்லாவற்றையும் அம்மாவும் பார்க்க வேண்டுமாம். அதற்குள்ளே நீ தலை வாரிக்கொண்டே இருக்கிறாய். ஆனாலும் அவள் சலிக்காமல் ஊரையே உனக்குக் காட்டிக்கொண்டிருக்கிறாள். இப்படி ஒரு மனசு இந்த உயரத்துக்குள் எப்படி அடங்கியிருக்கிறது என்று நான் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா ஒரு யோசனை சொன்னார். வரும்போது வீடியோவில் போட்டிருந்தாயே, அந்த நீலச் சட்டையையே போட்டுக்கொண்டு வா.

பத்திரமாக இரு. வெயிலில் தொப்பி இல்லாமல் போகாதே.

உன்
மெக்கானிக்


தீவு வானிலை நிலையம்
ஜூன் 17

அன்புள்ள மெக்கானிக்குக்கு,

நலம். உங்கள் இருவரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார் சீனியர், அவராகவே. தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. ஜூலை முதல் வாரப் படகில் வருகிறேன். என்னை அழைக்க வரும்போது அவளையும் கூட்டிவாருங்கள். போனைக் கடையிலேயே விட்டுவிடலாமா என்று யோசிப்பீர்கள். வேண்டாம், அதுவும் வரட்டும். நீலச் சட்டை இந்தக் கடல் காற்றில் கொஞ்சம் வெளுத்துவிட்டது. என்ன ஆகுமோ தெரியவில்லை.

நேரில் உங்கள் கழுத்தைப் பார்க்கிறேன்.

உங்கள்
புயல்


வீடு
ஜூலை 9

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். அந்த ஊர் டிப்போ சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா? கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருக்கும், வெந்நீர் குடி. நான் வரும் மாதம் பார்த்தா உன்னை வேறு ஊருக்கு மாற்றிப் போட வேண்டும்? நடந்தது முழுவதையும் நீ கேட்டிருந்தாய். இதைப் போனில் சொல்லியிருப்பேன், ஆனால் பாதியிலேயே அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

படகிலிருந்து இறங்கினேன். துறையில் அவர் தோளில் அவள். கழுத்தில் கயிறு கட்டி அந்தப் போன் தொங்குகிறது. என்ன வளர்த்தி அக்கா! கால்கள் அவர் இடுப்பு வரை வந்துவிட்டன. "அம்மா வந்தாச்சு பாரு," என்றார். அவள் குனிந்து போனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு அவர் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அழக் கூடாது என்று படகிலேயே முடிவு செய்திருந்தேன். அவர் மெதுவாக, "அந்த வெளையாட்டக் காட்டு," என்றார். பையைப் போட்டுவிட்டு அந்தப் பலகைத் தரையிலேயே உட்கார்ந்தேன். சுமை தூக்குகிறவர்கள், படகோட்டி, எல்லோரும் சுற்றி நிற்கிறார்கள். முகத்தைக் கையால் மூடிக்கொண்டு, வீடியோவில் சொன்ன அதே இழுவையில், "பட்டாணி எங்க?" என்றேன். கையை எடுத்து "இதோ!" என்றேன். அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். இறக்கிவிடச் சொல்லிக் காலை உதைத்தாள்.

கிட்டே வந்தாள். ஒரு விரலை நீட்டி என் மூக்கு நுனியில் அழுத்தினாள். எனக்கு ஒரு நொடி புரியவில்லை. அப்புறம் புரிந்தது. போனில் வீடியோவை நிறுத்தவும் ஓடவிடவும் அப்படித்தானே அழுத்த வேண்டும்! நான் அப்படியே அசையாமல் இருந்தேன், வாயைத் திறந்தபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு. என் இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். மறுபடி அழுத்தினாள். நான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உன் மாப்பிள்ளை மட்டும் சிரிக்காமல் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு அவமானமாகவே இல்லை அக்கா. அந்தப் போன்காரிக்கு நன்றி சொல்லத்தான் தோன்றியது. அவள் பழக்கிவைத்த வழியாகத்தான் என் மகள் என்னிடம் வந்தாள். அதை உண்டாக்கிய அந்த மனுஷன் மேல் எனக்கு அப்போது வந்த மரியாதையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மறுபடி அழுத்தினாள். நான் பேச்சை நிறுத்தினேன். அப்போதுதான் பார்த்தேன், முட்டியில் ஒரு பிளாஸ்திரி. ஓரத்தில் காய்ந்த ரத்தம். விளையாட்டெல்லாம் மறந்துபோயிற்று. "ஐயோ, முட்டியில என்னடி இது? விழுந்தியா?" என்று கேட்டுவிட்டேன்.

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். அழுத்தாமலே பேசிவிட்டேன் அல்லவா! வீடியோவில் இல்லாத பேச்சு வேறு. காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அவர்கூட ஒரு அடி முன்னால் வந்துவிட்டார். அவள் தன் முட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இத்தனை மாதமாக ஊரையே அம்மாவுக்குக் காட்டியிருக்கிறாள், அம்மா ஒரு நாளும் எதையும் பார்த்து ஏன், என்ன என்று கேட்டதில்லை.

ஒரு கையால் என் காதைப் பிடித்துக்கொண்டு, காலைத் தூக்கி, அந்த முட்டியை என் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து வைத்தாள்.

"நாய்," என்றாள். "ஓடி. படி. டமால்."

"ஐயய்யோ!" என்றேன்.

"ரத்தம்."

"ஐயய்யோ! அப்புறம்?"

அப்புறம் என்ன, மறுபடியும் நாயிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்தி, நான் "ஐயய்யோ" சொன்ன பிறகுதான் அடுத்த வார்த்தைக்குப் போனாள். மறுபடியும் முதலிலிருந்து. படகோட்டி பையைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. ஒரு "டமால்" வந்தபோது நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன், பதில் சொல்லவில்லை. அவள் கதையை நிறுத்தினாள். இரண்டு கையாலும் என் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"அம்மா, சொல்லு," என்றாள்.

உடம்பைப் பார்த்துக்கொள் அக்கா.

இப்படிக்கு
பட்டாணியின் அம்மா